எதிர் ஜன்னல்: ஏவர்ஸுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜெர்மன் எழுத்தாளர் ஹான்ஸ் ஹைன்ஸ் ஏவர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு உங்கள் ‘சிலந்தி’ கதையை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாரிஸில் ஒரு விடுதி. அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேர் ஒரே ஜன்னலில் தூக்கு மாட்டிக்கொண்ட ஏழாம் எண் அறை. அங்கே துணிந்து குடியேறும் மருத்துவ மாணவன், எதிர் ஜன்னலில் நூல் நூற்கும் பெண்ணோடு சைகையில் விளையாடத் தொடங்குகிறான். இவன் கையசைத்தால் அவளும் அசைக்கிறாள். தன் இஷ்டப்படி அவளை ஆட்டுவிக்கிறோம் என்று பூரித்துப்போகிறான். அவள் இஷ்டத்துக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தோம் என்பது ஒருநாள் புரிகிறது. புரிந்த பிறகும் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. பிடிமானத்துக்கு வேறு எதுவும் இல்லாமல், நாட்குறிப்பின் கடைசியில் தன் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுகிறானே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

1908இல் இதை எழுதிய நீங்களா 1931இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தீர்கள்?

யூதர்களை வெறுத்தவர் அல்ல நீங்கள். உங்கள் ‘வாம்பைர்’ நாவலில் ஜெர்மனிக்காக உருகும் நாயகியே யூத வம்சத்தவள்தான். அந்தக் கட்சி யூதர்களைப் பற்றிப் பேசியது உங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஆனாலும் தெருச்சண்டைகளில் வளர்ந்து, சுட்டுக் கொல்லப்பட்ட நாஜி அடியாள் படைத் தலைவன் ஹோர்ஸ்ட் வெஸ்ஸலைத் தியாகியாக்கி 1932இல் நாவல் எழுதிக் கொடுத்தீர்கள். நாட்டுப்பற்று என்று உங்களுக்காகச் சமாதானம் சொல்வார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பிரச்சாரம் செய்து, 1918இல் அமெரிக்காவில் கைதாகி முகாமில் அடைபட்டவர் என்பார்கள். அந்தச் சிறைவாசத்துக்காக வருந்துகிறேன். ஆனால் இந்த நாவலுக்கு அது சமாதானம் ஆகாது, ஐயா.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் உங்களுக்கு என்ன செய்தார்கள்? அந்த நாவலிலிருந்து எடுத்த படத்தையே 1933இல் முதலில் தடை செய்தார்கள். நாயகனின் பெயரை வெஸ்ஸலிலிருந்து வெஸ்ட்மார் என்று மாற்றிய பிறகுதான் விட்டார்கள். அடுத்த ஆண்டு உங்கள் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கும் தடை. உங்களைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய ‘அல்ரௌனே’ நாவலும் தப்பவில்லை.

1943 ஜூனில் பெர்லினில் நீங்கள் கண்மூடியபோது வயது 71. தடைக்குப் பிந்தைய அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளாவது ‘சிலந்தி’யை எடுத்துப் புரட்டினீர்களா? உங்கள் மாணவன் சாகும்போது தன்னை ஆட்டுவித்த அந்தச் சிலந்தியைப் பல்லுக்கிடையில் நசுக்கிவிட்டுத்தான் செத்தான்.

இப்படிக்கு,
உங்கள் கதைகளை விடவும் முடியாத, உங்களை மன்னிக்கவும் முடியாத ஒரு வாசகி