அறுந்தது கம்பி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலுக்குள் தொங்கிய நடைபாதைகள் இடிந்து விழுந்த விபத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அவற்றைத் தாங்கிய கம்பிகள் அறுந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே காலம் கழித்தவன் நான். இதைத் திருத்தாமல் இருக்க மனம் வரவில்லை.

1981 ஜூலை 17 அன்று 114 பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில் கம்பி அறுபடவே இல்லை. நடைபாதை விழுந்த பிறகும் கம்பிகள் நட்டும் வாஷருமாகக் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. போனது, நடைபாதையைத் தாங்கி நட்டின் மேல் உட்கார்ந்திருந்த பீம். இரண்டு சேனல்களை, அதாவது 'ப' வடிவ இரும்புகளை, வாயோடு வாய் வைத்துப் பெட்டி போல வெல்டு அடித்து, அந்த வெல்டு கோட்டிலேயே கம்பிக்குத் துளை போட்டிருந்தார்கள். நட்டு அதைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது.

முதல் வரைபடத்தில் நான்காம் மாடி நடைபாதைக்கும் அதன் கீழே இருந்த இரண்டாம் மாடி நடைபாதைக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். வேலை சுலபமாகட்டும் என்று அதை இரண்டாக்கி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையின் பீமிலேயே தொங்கவிட்டார்கள். ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக இரண்டு குடம் கட்டுவது வேறு, மேல் குடத்தின் அடியில் கீழ்க் குடத்தைக் கட்டுவது வேறு. மேல் நடைபாதையைத் தாங்கிய நட்டின் சுமை இரட்டிப்பானது. இத்தனைக்கும் அந்த முதல் வரைபடமே விதி கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் கொடுத்திருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது.

இதேபோல நானே ஒன்று பார்த்தேன். காற்றடித்த மறுநாள் ஒரு ஷெட்டில் பிரேசிங் ஆங்கிள் (ஷெட் ஆடாமல் குறுக்கே பிடிக்கும் 'எல்' வடிவ இரும்பு) ஒன்று கழன்று தொங்கியது. 8.8 கிரேடு எம்20 போல்ட், அதாவது 20 மி.மீ. தடிமனுள்ள உயர்பல போல்ட், அப்படியே இருந்தது, நட்டு கையாலேயே சுழன்றது. ஆங்கிளின் நுனிதான் கிழிந்திருந்தது. கேஸ் கட்டிங் செய்த (தீச்சுவாலையால் வெட்டிய) விளிம்பிலிருந்து துளையின் மையம் வெறும் 25 மி.மீ. 22 மி.மீ. துளைக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 800 கேட்பது துளை விட்டத்தின் 1.7 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 38 மி.மீ. கணக்குப் போட்டால் போல்ட் 9 டன் தாங்கும், 6 மி.மீ. ஆங்கிளின் அந்த நுனி 4 டன்கூடத் தாங்காது. முதலாளி, "சரி, இன்னும் பெரிய போல்டாகப் போடுங்கள்" என்றார். பெரிய போல்டுக்குப் பெரிய துளை வேண்டும், விளிம்பில் மிஞ்சும் இரும்பு இன்னும் குறையும். புரியவைக்க அரை நாள் ஆனது.

பக்கத்து ஆங்கிள்களையும் ஏறிப் பார்த்தோம். இரண்டு துளைகள் முட்டை வடிவமாக நீண்டு, சுற்றிலும் பெயிண்ட் உரிந்திருந்தது. தகடு இப்படி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். போல்ட் வெட்டுப்பட்டால் அந்த அவகாசம் கிடைக்காது. ஷெட் வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது ஆள் ஏற்றி, போல்ட் தலையோடு துளையின் ஓரத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அந்த ஓட்டல் இணைப்பு முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று கையால் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருத்தம் போடும்போது இடமிருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பட்டறை மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்