பிழையைக் கண்டால் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைப் பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பைத்தான் நிரல்மொழிக்கு அதில் நல்ல இடம் கொடுத்திருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் யாரோ மேதைகள் எழுதித் தருகிறார்கள், நாம் இறக்கிப் பயன்படுத்திக்கொண்டால் போதும் என்கிற எண்ணம்தான் படித்து முடிக்கும்போது மனதில் நிற்கிறது. கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட அந்த மொழி இன்றும் உறுதியாக நிற்கிறதென்றால், அதில் பிழை கண்டவர்கள் வாயைத் திறந்து சொன்னது அதற்கு ஒரு பெரிய காரணம். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஓய்வு நேரத்தில், பைத்தானுக்கு வரும் பிழைப் புகார்களைப் படித்துத் தரம்பிரிக்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி. மொழியின் நிரலில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை எனக்குக் கிடையாது, அது கோர் டெவலப்பர்களுடையது. நாங்கள் செய்வது அதற்கு முந்தைய வேலை. வந்த புகார் புதிதா, ஏற்கெனவே யாராவது சொன்னதா, உண்மையிலேயே பிழைதானா, எந்தெந்தப் பதிப்புகளில் இருக்கிறது என்று பார்த்து லேபிள் ஒட்டுவோம். விவரம் போதாவிட்டால் கேட்போம். 2022 ஏப்ரல் வரை இதற்கென்று தனிப் பதிவேடு இருந்தது. பிறகு எல்லாம், பலர் சேர்ந்து நிரல் எழுதிப் பராமரிக்க உதவும் கிட்ஹப் தளத்துக்கு வந்துவிட்டது. தீராமல் நிற்கும் புகார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இதையே சம்பள வேலையாகச் செய்கிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வேலை முடித்து வந்து உட்காருகிறவர்கள்தான்.

ஒரு புகார் எப்படி நகர்கிறது என்பதற்கு நான் கூடவே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர், அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பு ஒன்றைப் படிக்க நிரல் எழுதியிருந்தார். முதல் நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பைத்தான் கீஎரர் என்ற பிழைச்செய்தியைத் தருகிறது. பெயர்களையெல்லாம் அச்சிட்டுப் பார்த்தால் அதே பெயர் கண்ணெதிரே நிற்கிறது. ஆகவே, பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் பைத்தானின் டிக்‌ஷனரியே பழுது என்று கோபமாக எழுதியிருந்தார். கூடவே இருநூறு வரிக்கு மேல் நிரல். அதில் தரவுத்தள இணைப்பு, மின்னஞ்சல் அனுப்பும் பகுதி எல்லாம் இருந்தன. அவருடைய தரவுத்தளம் எங்களிடம் இல்லாதபோது அந்த நிரலை நாங்கள் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

தரவுத்தளப் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், பிழை இன்னும் வருகிறதா என்று கேட்டேன். வந்தது. மின்னஞ்சல் பகுதியையும் எடுக்கச் சொன்னேன். அப்போதும் வந்தது. கோப்பில் இரண்டே இரண்டு வரி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இப்படி உரித்துக்கொண்டே போய் நாலு வரி நிரலில் வந்து நின்றது. அப்புறம் அந்தப் பெயரை, மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டிவிடும் ரெப்ர் வழியாக அச்சிடச் சொன்னேன். பெயருக்கு முன்னால், சாதாரணமாக அச்சிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எக்செல் ஒரு கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது தொடக்கத்தில் வைக்கிற குறி அது. கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அந்தக் குறி விலகிவிடும். டிக்‌ஷனரியில் எந்தக் கோளாறும் இல்லை.

அவர் தன் கோபத்தை விட்டுவிட்டுப் பொறுமையாக உரித்துத் தந்தாரே, அதுதான் இந்த வேலையின் பாதி. நாலு வரியில் பிழையைக் காட்டிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். இருநூறு வரியாக இருந்தால் அவரைத் தவிர யாராலும் முடியாது. நல்ல புகாருக்கு மேதை தேவையில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா மேக்கா. இவ்வளவுதான். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பிழை இல்லாததைப் பிழை என்று சொல்லிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். 2.5ஐ அருகிலுள்ள முழு எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் 2 என்கிறது, 3.5ஐக் கொடுத்தால் 4 என்கிறது. பள்ளியில் படித்த கணக்குப்படி முதலாவது 3 அல்லவா வர வேண்டும்? நியாயமான சந்தேகம். நடுவில் சரியாக நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது என்பது வேண்டுமென்றே வைத்த விதி. எப்போதும் மேலே தள்ளினால், நிறைய எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை மேல்பக்கமாகவே சாயும். இதையும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதையும் பிழை என்று நினைத்துக் கேட்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். விளக்கிவிட்டு மூடுகிறோம். கேட்டவரை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் ஆவணத்தில் அந்த இடம் தெளிவாக இல்லை என்று பொருள். பைத்தான் ஆவணத்தில் இந்த இரண்டுக்கும் இன்று விளக்கம் இருக்கிறது.

சரி, உண்மையான பிழை என்று தெரிந்துவிட்டது. பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடியது புதியதில் கெட்டிருந்தால், எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேட வேண்டும். கிட் பைசெக்ட் என்ற கருவி இதற்கு உதவுகிறது. நன்றாக இருந்த நாளுக்கும் கெட்ட நாளுக்கும் நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருக்கிறதென்று வையுங்கள். நட்டநடுவில் ஒன்றை எடுத்து, அங்கே பிழை இருக்கிறதா என்று பார்த்தால் பாதி கழிந்துவிடும். மீதியில் மறுபடியும் நடு. பத்துமுறை பார்த்தால் குற்றவாளி கையில். ஒவ்வொரு முறையும் பைத்தானை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் ஒரு மாலை அதிலேயே போகும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தைச் சுட்டிக்காட்டிவிட்டால், திருத்தப் போகிறவர் தேட வேண்டிய இடம் சில வரிகளாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

திருத்தத்தை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதோடு ஒரு டெஸ்ட், அதாவது சோதனை நிரல், எழுத வேண்டும். திருத்தம் இல்லாமல் ஓட்டினால் அந்த டெஸ்ட் தோற்க வேண்டும், திருத்தத்தோடு ஓட்டினால் தேற வேண்டும். இதே பிழை நாளை வேறு யார் கையாலாவது திரும்ப நுழைந்தால் அந்த டெஸ்ட்தான் காட்டிக்கொடுக்கும். கோர் டெவலப்பர் ஒருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பார். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் சோதனைகள் ஓடும். பிறகு அடுத்த பதிப்பு உருவாகும் பிரதான கிளையில் சேரும். அங்கிருந்து, இன்னும் பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் எடுத்துச் செல்லப்படும்.

எல்லாம் இப்படிச் சுலபமாக முடிவதில்லை. டார் கோப்புகளைப் பிரிக்கும் பகுதியில் இருந்த ஓட்டையின் கதையை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைப்பதுதான் டார். உள்ளே இருக்கும் கோப்பின் பெயரில் இரண்டு புள்ளிகளும் சாய்கோடும் வைத்து எழுதினால், பிரிக்கும்போது அது நீங்கள் சொன்ன கோப்புறைக்கு வெளியே போய் எழுதிவிடும். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய கட்டு உங்கள் கணினியில் வேறு எதையோ அழித்து எழுதலாம். 2007இலேயே ஒருவர் இதைச் சொல்லிவிட்டார். டார் என்றால் இப்படித்தான் நடந்துகொள்ளும், நம்பிக்கையில்லாத கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று ஆவணத்தில் எச்சரித்துவிடுவோம் என்று முடிவானது. 2022இல் ட்ரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புதிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக முதலில் நினைத்தார்கள். பார்த்தால் அதே பழைய ஓட்டை. மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான திறமூலத் திட்டங்களில் அது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில், ஆபத்தான பெயர்களைத் தடுக்கும் வடிகட்டி சேர்ந்தது. அப்போதும் அதைக் கேட்டால்தான் தடுக்கும், கேட்காவிட்டால் எச்சரிக்கை மட்டும். 2025 அக்டோபரில் வந்த 3.14இல்தான், கேட்காமலேயே தடுப்பது இயல்பு நிலையானது.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கோபப்படுவது எளிது. பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம். ஒரே இரவில் மாற்றினால் அவை உடையும். அந்தக் கவலை உண்மையானது. ஆனாலும் 2007இல் எச்சரிக்கை வாசகத்தோடு நிறுத்திக்கொண்டது தவறு என்பது என் கருத்து. ஆவணத்தின் ஓரத்தில் இருக்கும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு நிரல் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? மூடிப்போன விஷயத்தை இன்னொருவர் வந்து மறுபடியும் எழுப்பியதால்தான் காரியம் நடந்தது. இப்படிப்பட்ட பாதுகாப்புப் பிழைகளைக் கண்டால் மட்டும் பொதுவில் போடாமல், அதற்கென்று இருக்கும் குழுவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

இனி தமிழுக்கு வருகிறேன். தமிழ் வாசகர்கள் படிக்கும் நாளிதழுக்கு இதை எழுதுவதற்கே இதுதான் காரணம். பைத்தானில் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், மொழி மறுக்காமல் ஏற்கும். ஆனால் அதே 'தமிழ்' எழுத்துகளால் மட்டுமே ஆனதா என்று இஸ்ஆல்ஃபா என்ற செயல்கூறு மூலம் கேட்டால் இல்லை என்கிறது. 'பல' என்று கேட்டால் ஆமாம், 'பால்' என்று கேட்டால் இல்லை! கால் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. உரைக்குள் வடிவம் சொல்லித் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லில் வரும் எழுத்து எது என்பதைக் குறிக்கப் பின்சாய்வும் டபிள்யூவும் போடுகிறோம் அல்லவா, அதைக் கொண்டு 'தமிழ்' என்பதிலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் வருகின்றன. இகரக் குறி இருந்த இடத்தில் சொல் உடைகிறது. இந்தி, வங்காளம், மலையாளம் என்று உயிர்க்குறி உள்ள மற்ற எழுத்துகளுக்கும் இதே கதி. இந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ளச் சொல்கிறது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் பரிந்துரை. பெர்ல் என்ற நிரல்மொழி அப்படித்தான் செய்கிறது. ரஸ்ட் மொழியின் ரீஜெக்ஸ் என்ற ஆயத்த நிரல் நூலகமும் அப்படித்தான். பைத்தானில் 2011இலேயே இதைச் சொல்லிப் புகார் பதிவாகியிருக்கிறது.

தமிழ் உரைகளோடு பைத்தானில் வேலை செய்கிறவர்கள் இதில் இடறாமல் போயிருக்க முடியாது. என்ன செய்கிறார்கள்? தமிழ் யூனிகோட் வரம்பைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள், அல்லது பைத்தானுக்கென்று உள்ள, அதே ரீஜெக்ஸ் என்ற பெயர் கொண்ட வெளி நூலகத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். தன் வேலை முடிந்ததும் பேசாமல் போய்விடுகிறார்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். எத்தனை பேரை, எந்த மாதிரி வேலையில் இது தடுக்கிறது என்று தெரியாதபோது, பழைய நிரல்கள் உடையுமே என்ற கவலைதான் தராசில் கனமாகத் தெரியும். மறுபக்கம் வைக்க நம்மிடம் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. நாம்தான் கொண்டுபோய் வைக்கவில்லை. இருக்கிற புகாரின் கீழே 'எனக்கும்' என்று எழுதினால் பயனில்லை. உங்கள் நிரலில் இது எதைக் கெடுத்தது, சொற்களை எண்ணும்போது எண்ணிக்கை எப்படி மாறியது என்று நாலு வரியில் காட்டினால் அது சான்று.

அண்மையில் சேர்ந்திருக்கும் ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு, அது எழுதித் தந்ததை ஓட்டிக்கூடப் பார்க்காமல் பாதுகாப்புப் புகாராக அனுப்புகிறார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். உள்ளே போனால் அப்படி ஒரு செயல்கூறே மொழியில் இருக்காது. பாதுகாப்பு என்று வந்துவிட்டால் யாராவது உட்கார்ந்து முழுதும் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த மணிநேரங்கள் உண்மையான புகார்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. தயவுசெய்து உங்கள் கணினியில் நீங்களே கண்ட பிழையை மட்டும் அனுப்புங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு: உடைந்த ஆங்கிலத்தில் எழுதிய எத்தனையோ புகார்களை நாங்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற நாலு வரி நிரல் இருந்தால் மீதி தானாகப் புரியும். தமிழ் உரை சம்பந்தப்பட்டதாக இருந்தால் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல், எழுத்துகளை அப்படியே ஒட்டுங்கள். கூடவே ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் கொடுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், எண்ணைப் பார்த்தால்தான் எது என்று விளங்கும். உங்கள் கணினிப் பகுதியில் ஒரு வாரம் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கி, மாதிரிப் புகார் ஒன்றை முழுதாக அச்சிட்டீர்களானால் நன்றாக இருக்கும். எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி