உதவித்தொகை மென்பொருளின் மூல நிரலை வெளியிடக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு.

பொருள்: உதவித்தொகை விண்ணப்பங்களின் தகுதியை முடிவு செய்யும் மென்பொருளின் மூல நிரலை (அது எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று எழுதிய கட்டளைகளை) பொதுவில் வெளியிட மீண்டும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையோடு முன்பே மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகை எண் வந்தது, பதில் வரவில்லை. எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. சேவை மையத்தில் வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கணவரை இழந்தவர்களும் வரிசையில் நிற்பதைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. விண்ணப்பத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை இப்போது மென்பொருள்தான் முடிவு செய்கிறது. எழுதியது தனியார் நிறுவனம், செலவு மக்கள் பணம். அதற்குள் என்ன விதி இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு வழியில்லை.

2. எங்களை அதிகம் வாட்டுவது, காரணம் சொல்லாத நிராகரிப்பு. திரையில் 'தகுதி இல்லை' என்று வருகிறது, அவ்வளவுதான். வருமான வரம்பு தாண்டிவிட்டதா? இரண்டு ஆவணங்களில் பெயர் ஓரெழுத்து மாறியிருக்கிறதா? ஒரே முகவரியில் வசிக்கும் இன்னொருவரின் வருமானத்தையும் சேர்த்துக்கொண்டதா? கவுன்ட்டரில் கேட்டால் "சிஸ்டம் எடுக்கல" என்கிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை, அவர்களுக்கும் தெரிவது அதே திரைதான். சரி, மேல்முறையீடு செய்யலாம் என்று படிவத்தை வாங்கினால், அதில் கேட்பதே 'நிராகரிக்கப்பட்ட காரணம்'. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது ஐயா? போன மாதம் வரை உதவித்தொகை வாங்கியவர், எந்த அரசாணையும் மாறாமலே இந்த மாதம் தகுதி இழக்கிறார். மாறியது அவர் நிலைமையா, நிரலில் ஒரு வரியா? அந்தப் பணத்தில் மருந்து வாங்குகிறவர் மருந்தை எத்தனை நாள் தள்ளிப்போடுவார்? அரசாணையை யாரும் வாங்கிப் படிக்கலாம். அந்த ஆணையை நடைமுறைப்படுத்தும் நிரலை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

3. கணினி தப்பு செய்யாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, அஞ்சலகக் கிளை நடத்தியவர்கள்மேல் திருட்டு, மோசடி வழக்குகள் போட்டார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. இடையில் இறந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? தங்கள்மேல் தப்பில்லை என்று காட்ட, மென்பொருளுக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லாமல் போனது. எங்களுக்கும் இன்று அதே கதிதான்.

4. பாதுகாப்புக்கு ஆபத்து என்பீர்கள். யாருடைய தரவையும் நாங்கள் கேட்கவில்லை. கடவுச்சொல், சாவி எதுவும் வேண்டாம். தகுதியைக் கணக்கிடும் நிரலும், எந்தத் தேதியில் எந்த வரி மாற்றப்பட்டது என்ற பதிவும் போதும். கணினிகளை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் மூல நிரல் உலகமே பார்க்கத் திறந்துதான் கிடக்கிறது, அதை நம்பித்தான் எத்தனையோ சர்வர்கள் ஓடுகின்றன. பிரான்ஸ் 2016இல் வருமான வரி கணக்கிடும் நிரலையே வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் கூட்டாட்சி அலுவலகங்கள் தாங்கள் எழுதும், எழுதச் சொல்லும் மென்பொருளின் நிரலை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புக்கும் பிறர் உரிமைக்கும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கை இங்கேயும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வர்த்தக ரகசியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். யாருக்கு உதவித்தொகை உண்டு, யாருக்கு இல்லை என்பது ஒரு நிறுவனத்தின் ரகசியமா?

5. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நிரல் அரசுக்கே சொந்தம், யாரும் பார்க்கவும் பயன்படுத்தவும் அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படும் என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பிழையைத் திருத்தக்கூட அதே நிறுவனத்தின் வாசலில்தான் நீங்களும் நிற்க வேண்டும்.

ஐயா, மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். நிரலை வெளியிடுங்கள். அதுவரை, மென்பொருள் தள்ளிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஓர் அலுவலர் பார்த்துக் காரணத்தை எழுதிக் கொடுக்க ஆணையிடுங்கள். வெளியிட முடியாது என்றால், எந்த விதியின்படி முடியாது என்பதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். இன்னொரு ஒப்புகை எண் எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களும் குடும்பத்தினரும்