காரின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், டிஸ்ரிபியூட்டர் இலக்கத்தைச் சொல்லித் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியிருக்கும் பழைய அமெரிக்க வாகனங்கள், வில்லிஸ் ஜீப், செவ்ரோலெட், பிளிமத், டொட்ஜ் எதுவானாலும், இஞ்சின் தேய்ந்து நிற்பது குறைவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துத் தீப்பொறிக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்னச் சாமான்கள் கிடைக்காமல்தான் நிற்கின்றன. மூடி வெடித்திருக்கும், உள்ளே சுற்றிக் கரண்ட்டைப் பங்கிடும் ரோட்டர் எரிந்திருக்கும், திறந்து மூடிக் கரண்ட்டை வெட்டும் பொயின்ற் கருகியிருக்கும். கடையில் போய் "செவ்ரோலெட்டுக்கு டிஸ்ரிபியூட்டர் மூடி இருக்கா?" என்று கேட்டால், "அமெரிக்கன் காருக்கு இனி எங்க போறது" என்று பதில் வரும். அதோடு வண்டி கொட்டிலுக்குள் போகும். நாலைந்து மாரி கழிய, பழைய இரும்புக்காரரின் லொறியில் ஏறும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்காக மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டிய நாளிலிருந்து அமெரிக்க இயந்திரங்களைக் கண்டு பழகிய பிரதேசம் இது. இங்கே இப்படி ஒரு சின்னச் சாமானுக்காக வண்டிகளைக் கைவிடுவது எங்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது. அந்தப் பாகங்களில் பெரும்பகுதி இன்றைக்கும் வாங்கக்கூடியவை. தேடும் முறைதான் பிழை.

கார் கம்பெனிகளில் பல தங்கள் டிஸ்ரிபியூட்டரைத் தாங்களே செய்யவில்லை. செவ்ரோலெட், பொன்ரியாக், பியூக், ஓல்ட்ஸ்மோபில், கடிலக் எல்லாவற்றுக்கும் டெல்கோ ரெமி செய்து கொடுத்தது. போருக்கு முன்னும் பின்னும் வந்த பிளிமத், டொட்ஜ், டி சோட்டோ, கிறைஸ்லர் கார்களிலும் வில்லிஸ் ஜீப்பிலும் ஓட்டோ லைட் இருக்கும். ஸ்டுடிபேக்கரில் இரண்டும் வந்தன. ஆகவே பிளிமத்துக்குக் கிடைக்காத பொயின்ற், டொட்ஜ் என்ற பெயரில் ஒரு பெட்டியில் கிடக்கலாம். அமெரிக்க டிராக்டர், போர்க்லிவ்ட், படகு இஞ்சின் ஆகியவற்றின் பாகப் பட்டியலிலும் இதே டிஸ்ரிபியூட்டர்கள் வரும். கார் பாகம் முடிந்துபோன இடத்தில் டிராக்டர் பாகம் இருப்பது புதினமல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. அறுபது எழுபது வருடமாக எத்தனையோ கைகளுக்கு மாறிய வண்டியில், இப்போது பூட்டியிருக்கும் டிஸ்ரிபியூட்டர் அதோடு வந்ததுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. கையேட்டைப் பார்த்துப் பாகம் எடுப்பித்து, அது வந்த பிறகு பொருந்தாமல் நிற்பது இதனால்தான்.

ஆகவே டிஸ்ரிபியூட்டரிலேயே உள்ள இலக்கத்தைச் சொல்லித்தான் தேடவேண்டும். அந்த இலக்கம் எங்கே என்றால், ஓட்டோ லைட்டில் உடம்பில் தறைந்த சிறிய தகட்டில் இருக்கும். மூன்று ஆங்கில எழுத்து, பிறகு நான்கு இலக்கம். உலகப் போர்க்கால ஜீப்பில் ஐஜிசி-4705 என்று காண்பீர்கள். டெல்கோவில் ஏழு இலக்கம். பழையவற்றில் தகட்டில், பிந்தியவற்றில் உடம்பிலேயே அடித்திருக்கும். கிறீஸும் மண்ணும் படிந்து மூடியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெல்லிய தகட்டில் எழுத்து அழிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தகடே இல்லையென்றால் அளவெடுக்க வேண்டும். எத்தனை சிலிண்டர், மேலிருந்து பார்க்க ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற இரண்டும் முதலில் வேண்டும். வில்லிஸ் நான்கு சிலிண்டரில் இடப்பக்கமாக, அதாவது மணிக்கூட்டுக்கு எதிராகச் சுற்றும்; செவ்ரோலெட்டில் மணிக்கூட்டுப் பக்கமாகச் சுற்றும். பொயின்ற் செட் இதற்கேற்ப இடம் வலமாக மாறும், பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று மற்றதற்கு ஏறாது. பிறகு மூடியின் உள்விட்டம், கீழ் விளிம்பிலிருந்து நடுக் கரித்துண்டு வரை உயரம், மூடியைப் பிடிப்பது கிளிப்பா திருகும் கொழுக்கியா, பொருத்தும் வெட்டு எந்த இடத்தில் என்பவை. ரோட்டரில் ஷாப்ட் ஏறும் துளையின் விட்டமும் செப்புத் தகட்டின் உயரமும். பொயின்றில் பிவட் துளைக்கும் திருகாணித் துளைக்கும் இடையிலான தூரம். ஒவ்வொன்றையும் அடிமட்டத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைக்காரரும் சரி, வெளிநாட்டு விற்பனையாளரும் சரி, ஊகத்தில் பாகம் அனுப்பத் தேவையில்லை.

போர்ட் வைத்திருப்பவர்கள் வருடத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1948 வரை வந்த வி-8, அதாவது எட்டுச் சிலிண்டர் கார்களில் டிஸ்ரிபியூட்டர் இஞ்சின் முகத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்ட்டின் நுனியில் தாழ்வாக இருந்தது. 1949இல் அது நிமிர்ந்து நின்றது. முன்னதன் பாகம் பின்னதற்கு ஆகாது.

வாங்கும்போது பழைய புதுச் சரக்கு, அதாவது அந்தக் காலத்தில் செய்து பெட்டி உடைக்காமல் கிடப்பது, இக்காலத்தில் மறுபடி செய்வது என்று இரண்டு வகை வரும். மூடி, ரோட்டர், பொயின்ற் மூன்றுக்கும் பழைய சரக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பொயின்றின் முகத்தில் மங்கலாகப் படிந்திருப்பதைப் பொயின்ற் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான கடதாசியால் துடைத்தால் போதும். புதிதாகச் செய்து வருகிற சில பொயின்றுகளில் பொயின்றைத் திறக்கும் கேமில் உரசும் கட்டை மென்மையான பிளாஸ்டிக். கொஞ்சத் தூரத்திலேயே தேய்ந்து, பொயின்ற் திறக்கும் இடைவெளி மூடிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்படியானதைத்தான் பூட்ட வேண்டியிருந்தால், கேமில் தீக்குச்சித் தலையளவு டிஸ்ரிபியூட்டர் கிறீஸ் வையுங்கள். கூடினால் சூட்டில் தெறித்துப் பொயின்றில் பட்டு அதையும் எரிக்கும்.

பொயின்ற் திறக்கும்போது அதில் தீப்பொறி பாயாமல் காக்கும் கொண்டன்சர் விடயத்தில் எங்கள் அபிப்பிராயம் நேர்மாறு. பழைய கொண்டன்சரின் உள்ளே கடதாசிச் சுருள். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ஈரம் ஏறிக் கசியத் தொடங்கும். பெட்டி அழகாக இருக்கிறதென்று காசைக் கொட்டாதீர்கள். மல்டிமீற்றரில் 0.18 முதல் 0.25 மைக்ரோபரட் காட்டினால் அளவு சரி என்றுதான் அர்த்தம்; அந்தச் சிறு வோல்ட்டில் கசிவு தெரியாது. 500 வோல்ட் இன்சுலேஷன் ரெஸ்டரில் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்கக் கொண்டன்சரே வேண்டுமென்றுமில்லை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களுக்கு வரும் லூக்காஸ் கொண்டன்சர் ஏறக்குறைய இதே அளவுதான். உள்ளே இடம் ஒத்துவராவிட்டால் டிஸ்ரிபியூட்டரின் வெளி உடம்பில் சுத்தமான இரும்பு தெரியச் சுரண்டி இறுக்கிப் பூட்டி, வயரைப் பொயின்ற் முனைக்குக் கொடுக்கலாம். எர்த், அதாவது வண்டி உடம்போடு உள்ள தொடர்பு, சரியில்லாமல் கொண்டன்சர் வேலை செய்யாது. ஒரு பொயின்ற் முகத்தில் குழியும் மற்றதில் மேடும் விழுந்தால், கொண்டன்சரின் அளவு, தீப்பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் அந்தக் கொயிலுக்கு ஒத்துவரவில்லை என்று பாருங்கள்.

ஆனால் பாகம் தேடப் புறப்படுமுன் உண்மையில் பழுதானது அதுதானா என்று பார்க்கவேண்டும். சாவியைப் போட்டு, பொயின்ற் மூடியிருக்கும்போது பொயின்ற் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்ட் அளவெடுங்கள். 0.2ஐத் தாண்டினால் பொயின்ற் முகம், உள் எர்த், அல்லது டிஸ்ரிபியூட்டர் பூட்டியிருக்கும் இடம் கரண்ட்டைத் தடுக்கிறது. டிஸ்ரிபியூட்டருக்குள் ஓடும் மெல்லிய நெகிழ் வயரையும் விரலால் வளைத்துப் பாருங்கள். துணி உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்து இரண்டொரு நூலில் தொங்கும். இஞ்சின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும் நேரம் மட்டும் தொடர்பு விட்டு வண்டி மிஸ் அடிக்கும். மெக்கானிக் காபரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார், குறை இங்கே இருக்கும். மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு முனைகளுக்கிடையே பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுத்தக் கோடு தெரியலாம். அது கரி ஓடிய தடம். சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். வாவிக்காற்றும் மாரி ஈரமும் உள்ள எங்கள் ஊர்களில் இது மற்ற இடங்களைவிட விரைவில் வரும். அதனால் புதிய மூடி வாங்கும்போது அலுமினிய முனையுள்ளதை விட்டுப் பித்தளை முனையுள்ளதைக் கேளுங்கள். அலுமினியத்தில் வெண்பொடி பூத்துவிடும்.

எல்லாப் பாகமும் புதிதாகப் போட்டும் பொயின்ற் இடைவெளி நிற்கவில்லையென்றால் ஷாப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாப்ட்டின் நுனியைப் பிடித்துப் பக்கத்துக்கு ஆட்டினால் கைக்கே தெரியும். பொயின்ற் எத்தனை பாகை மூடியிருக்கிறது என்று காட்டும் டுவெல் மீற்றர் இருந்தால் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். 3 பாகைக்கு மேல் ஆடினால் புஷ் போய்விட்டது. இதற்கு வெளிநாட்டுப் பாகம் தேவையேயில்லை. நல்ல லேத்காரர் வெண்கலத்தில் புஷ் கடைந்து தருவார். துளைகளுள்ள எண்ணெய் உறிஞ்சும் வெண்கலமானால் பூட்டுமுன் இஞ்சின் ஒயிலில் ஊறப்போடுங்கள்.

பொயின்ற் இடைவெளி: வில்லிஸுக்கு 0.020 அங்குலம், வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. டெல்கோ வி-8இல் புதுப் பொயின்றுக்கு 0.019, ஓடிய பொயின்றுக்கு 0.016. புதிதுக்குக் கூட வைப்பது, கட்டை தேய்ந்து படியும் என்பதால். ஓடிய பொயின்றின் கரடுமுரடான முகத்தில் இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் பொய் சொல்லும், டுவெல் மீற்றரை நம்புங்கள். 1957 முதல் வந்த டெல்கோ வி-8 மூடியில் சிறிய தகட்டு ஜன்னல் உண்டு. இஞ்சின் ஓடும்போதே 1/8 அங்குல அலன் சாவியை விட்டு டுவெலை 30 பாகைக்கு வைக்கலாம். மீற்றர் இல்லாவிட்டால், மிஸ் அடிக்கத் தொடங்கும்வரை மணிக்கூட்டுப் பக்கமாகத் திருகி, அரைச் சுற்றுப் பின்னால் எடுங்கள். எந்த வண்டியானாலும் இடைவெளி முதல், டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பிறகு. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

பொயின்ற் அடிக்கடி எரிகிறதென்றால் பாகத்தைக் குறை சொல்லுமுன் கொயிலைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியை 12க்கு மாற்றி, கரண்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் பழைய கொயிலையே விட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் கொயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்து 3 ஓம் அளவில் இருந்தால் பொயின்றில் 4 அம்பியர்தான் போகும். 1.5 ஓம் கொயில் மட்டும் என்றால் அதன் இரட்டிப்புப் போய் நீலம் பாய்ந்துவிடும்.

யப்பான் டிஸ்ரிபியூட்டரை முழுதாகத் தூக்கிப் பூட்டும் பழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். செவ்ரோலெட்டில் டிஸ்ரிபியூட்டர் ஷாப்ட்டின் அடிநுனிதான் ஒயில் பம்பைச் சுற்றுகிறது. ஷாப்ட் நீளம் கொஞ்சம் குறைந்து நாக்கு பம்பில் கொழுவாவிட்டால், வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒயில் மேலே ஏறாது. பெயரிங் உருகிய பிறகுதான் தெரியும். கியர் உலோகம் ஒத்துவராவிட்டால் கேம் ஷாப்ட் பல்லைத் தின்றுவிடும். பொயின்றுக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் மாற்றுச் செட் போடுவது இதைவிட எவ்வளவோ மேல், உடம்பும் ஷாப்ட்டும் அப்படியே இருக்கும். 1955 வரை வந்த போர்ட், கிறைஸ்லர் வகை 6 வோல்ட் வண்டிகள் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை வண்டி உடம்பில் பூட்டியவை. அதற்கென்று உள்ள செட்டை மட்டும் வாங்குங்கள். மாறிப் பூட்டினால் சாவி போட்ட உடனே எரியும். கழற்றிய பொயின்றையும் கொண்டன்சரையும் காருக்குள்ளேயே வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பவர்கள் பார்சலின் மேல் "கார் பாட்ஸ்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். சுங்க வகைப்படுத்தலில் டிஸ்ரிபியூட்டரும் இக்னிஷன் கொயிலும் 8511.30, அவற்றின் உறுப்புகள் 8511.90. அந்த இலக்கம், பாகத்தின் பெயர், எண்ணிக்கை, விலை நான்கையும் விற்பனையாளர் பற்றுச்சீட்டில் எழுதட்டும். பழைய புதுச் சரக்கானால் "பயன்படுத்தப்படாதது" என்றும் எழுதச் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் மோட்டார் வேலை படிப்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பழைய டிஸ்ரிபியூட்டரை மேசையில் வைத்துப் பிள்ளைகளுக்கு அரைநாள் காட்டுங்கள். கழற்றுமுன் ரோட்டர் நிற்கும் இடத்தை உடம்பில் குறிக்கவேண்டும், கியர் பல் சாய்வானதால் மேலே வரும்போது ரோட்டர் திரும்பும், அந்த இரண்டாவது இடத்தையும் குறிக்கவேண்டும். இவ்வளவும் தெரிந்த இளம் மெக்கானிக்கைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது.

பழைய இரும்புக்கு வண்டி கொடுப்பவர்களிடமும் கேட்கிறோம். டிஸ்ரிபியூட்டரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். மூடி, ரோட்டர், வேக்கம் பெட்டி எல்லாம் அதோடு இருக்கட்டும், தகட்டைப் பிடுங்க வேண்டாம், ஒயில் தடவிப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். எடை போட்டால் சில ரூபாய்தான் வரும் அந்தச் சாமான், பக்கத்து ஊரில் நிற்கும் இன்னொரு ஜீப்புக்குத் தேவையான முழுச் செட்டாக இருக்கலாம்.

இப்படிக்கு,
பழைய வாகனங்கள் திருத்தும் மெக்கானிக்குகள் சிலர்,
மட்டக்களப்பு.