விற்றவரிடம் கேளுங்கள்: ஏலத் தள நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் புகார்ப் பிரிவினருக்கும்,

வணக்கம். என் புகாரும் அதற்கு நீங்கள் அனுப்பிய நான்கு பதில்களும் உங்களிடமே இருக்கின்றன, அதனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. நேற்று இரவு உங்கள் தளத்தில் பார்த்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது. எனக்குப் போலிப் பேனா விற்ற அதே ஆள் மறுபடியும் மான்ட்பிளாங்க் மைஸ்டர்ஷ்டுக் 149 என்ற விலை உயர்ந்த ஜெர்மன் மை பேனா ஒன்றை ஏலத்துக்குப் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளிப்பின் மேல் வளையத்தில் என் பேனாவில் இருக்கிற அதே வரிசை எண். ஒரு பேனாவுக்கு ஒரு எண்தான் உண்டு. அந்த எண்ணோடு ஒன்று என் வீட்டு அலமாரியில் கிடக்கும்போது இன்னொன்று எப்படி ஏலத்துக்கு வரும்?

அந்தப் பேனாவை அப்பாவுக்காக வாங்கினேன். அவர் 36 வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். எல்லாமே மை பேனாவில்தான். எப்போதோ ஒரு வக்கீல் சட்டைப் பையில் பார்த்த 149-ஐப் பற்றி, அந்தத் தடிமனையும் மூடி உச்சியில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தையும் பற்றி, நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். புதிதாக வாங்க எனக்கு வசதியில்லை. உங்கள் தளத்தில் 'ஒரிஜினல், குறைவாகப் பயன்படுத்தியது' என்று போட்டிருந்ததை நம்பி, கடைசி நிமிடம் வரை விடாமல் ஏலம் கேட்டு 38,500 ரூபாய்க்கு எடுத்தேன்.

பேனா வந்த அன்று சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மைப் புட்டியைத் திறந்து நிப்பை உள்ளே விட்டு, பேனாவின் பின்பக்கக் குமிழைத் திருகினார். 149 பிஸ்டன் பேனா, குமிழைத் திருகினால் மை தானாக மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. குமிழ் சும்மா சுற்றியது. மறுபடி திருகினார். அப்புறம் கழுத்துப் பக்கம் பிடித்து லேசாகத் திருப்ப, பேனா இரண்டாகக் கழன்று உள்ளே இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கன்வெர்ட்டர், பிஸ்டன் பேனாவில் இருக்கவே கூடாத, மை உறிஞ்சும் தனிக் குழாய், எட்டிப் பார்த்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதே கன்வெர்ட்டரில் மை ஏற்றி, பழைய பழக்கத்தில், 'கிரய சாசனப் பத்திரம் என்னவென்றால்' என்று எழுதினார். ஒவ்வொரு சுழியிலும் நிப் காகிதத்தைக் கீறியது. "பரவாயில்லப்பா, எழுதுது" என்றார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியதுதான், ஆனால் ஏலத்தில் போட்டிருந்த மூன்று படங்களில் எதைப் பார்ப்பது? நிப்பில் 4810 என்ற எண் இருந்தது. அது மான்ட் பிளாங்க் மலையின் உயரம், மீட்டரில். போலி செய்பவனுக்கும் அது தெரியும், அதனால் அந்த எண் இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அசல் 149-இன் நிப் 18 காரட் தங்கம், 750 முத்திரையோடு இரண்டு நிறத்தில் வரும், பொறிப்பு கூர்மையாக இருக்கும். இதில் எழுத்துகள் மழுங்கி, மேலே பூசிய பூச்சு ஒரு வாரத்தில் ஓரத்தில் வெளுத்துவிட்டது. காந்தம் வைத்தேன், ஒட்டியது. தங்கம் ஒட்டாது. நட்சத்திரம் மூடியின் பொருளோடு பொருளாகப் பதிந்திருக்க வேண்டும், இதில் தெளிவான பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒட்டிய வில்லை மாதிரி தெரிகிறது. அசலின் உடல் செய்யப்பட்ட கறுப்பு ரெசினை, அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்கை, பலமான டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பு தெரியும். இதில் வெளிச்சமே ஊடுருவவில்லை. 'மேட் இன் ஜெர்மனி' என்ற எழுத்து மட்டும் சரியாக இருந்தது.

இதையெல்லாம் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் கேட்டது என்ன? 'பேனா போலி என்று தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலமான உறுதி வேண்டும்.' பேனா தயாராவது ஹாம்பர்க்கில். அந்தக் கடிதத்துக்கு நான் எங்கே போவேன்? அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்று புகாரை மூடினீர்கள். 'ஒரிஜினல்' என்று எழுதியவரிடம் நீங்கள் ஒரு பில் கூடக் கேட்கவில்லை. அப்பா 36 வருஷத்தில் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கிரயம் கூட எழுதியதில்லை. அந்த மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டியவர் நிலத்தை விற்பவர். வாங்க வந்தவரிடம் போய் 'இது போலி என்று நீ நிரூபி' என்று எந்தப் பத்திர எழுத்தரும் சொன்னதில்லை.

நான் கேட்பது இதுதான். விற்பவரிடம் கேளுங்கள். விலை உயர்ந்த பேனா என்று போடுகிறவர் நிப், கிளிப் வளைய எண், மூடி உச்சி, பிஸ்டன் குமிழைத் திறந்த நிலை, டார்ச் வெளிச்சத்தில் உடல், இத்தனைக்கும் படம் தர வேண்டும். பக்கத்தில் அன்றைய தேதியும் தன் கணக்குப் பெயரும் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணையத்தில் எவருடைய பேனாவையோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். வாங்கியவர் பேனாவைக் கையில் வைத்துப் பார்த்து, மை ஏற்றி எழுதிப் பார்க்கும் வரை பணத்தை விடாதீர்கள். பேனா சேகரிப்பவர்கள் தங்களுக்குள் விற்கும்போது இதையெல்லாம் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

இது பேனாவோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கைக்கடிகாரம், ஷூ, சார்ஜர், வண்டி உதிரிபாகம், எதைத் தொட்டாலும் டூப்ளிகேட். ஒவ்வொரு விற்பனையிலும் உங்களுக்குக் கமிஷன் வந்துவிடுகிறது, பொருள் அசலா போலியா என்பது மட்டும் வாங்கியவன் தலையெழுத்து. 'நாங்கள் வெறும் தளம்தான்' என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது. 2020-இல் வந்த மின் வணிக நுகர்வோர் விதிகளில் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று இருக்கிறது. ஒப்புகை உடனே வந்தது, அது உண்மை. ஏழு வாரமாகிறது, தீர்வைக் காணோம். வர்த்தகக் குறிச் சட்டத்தின்படி ஒருமுறை நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் விற்பனையாளர்களின் விவரத்தைப் பதிந்து வைக்கத் தளம் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நீங்கள்தான் முதல் தடவையே எதையும் நீக்கவில்லையே, அப்புறம் அந்தப் பதிவில் இவர் பெயர் எப்படி ஏறும்?

சரி, கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் கொடுத்திருக்கிற விதி தப்பு. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். சான்றை விற்றவரிடம் கேளுங்கள், வாங்கியவரிடம் கேட்காதீர்கள். என் புகாரைத் தயவுசெய்து மறுபடி திறந்து, இரண்டு ஏலத்துக்கும் அவர் கொடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள். அதற்கு நிபுணர் தேவையில்லை.

இன்று காலை பார்த்தபோது அந்தப் புது ஏலத்தில் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். ஞாயிறு இரவு 9 மணிக்கு அது முடிகிறது. அதற்குள் நிறுத்திவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் ஆறு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்