எடிசன் ஆய்வகத்துக்கு நாற்பது நிமிடம் போதாது

கோடையில் நியூஜெர்சி சுற்றுலா நடத்தும் தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை வெஸ்ட் ஆரஞ்சு ஊரில் லுவெலின் பார்க் வாசலில் நடந்தது உங்களுக்கே தெரியும். பஸ் நிறைய ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாக்கள், கையில் பாஸ் இல்லை, காவலாளி உள்ளே விடவில்லை. அவர் மேல் தப்பே கிடையாது. எடிசனின் வீடான கிளென்மான்ட் இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் அது நிற்பது லுவெலின் பார்க் என்ற, வாசல் காவல் போட்ட தனியார் குடியிருப்புக்குள். சுமார் ஒரு மைல் கீழே, மெயின் தெருவில் எடிசனின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே சீட்டும் வண்டிக்கான பாஸும் வாங்கிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். இத்தனை வருஷமாக ஆள் கூட்டிப் போகும் உங்களுக்கு இதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது ஒன்றுதான். வெஸ்ட் ஆரஞ்சுக்கு அரை நாளை முழுசாக ஒதுக்குங்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை வீட்டுக்கு இடம் கேட்பது. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். ஆய்வகத்தைப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டால் அன்றைய இடம் தீர்ந்திருக்கும். பஸ் நிறைய ஆள் என்றால் பல நாள் முன்பே எழுதிக் கேட்டு நேரம் வாங்க வேண்டும். குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வீட்டில் இருக்கும்போது மறு பாதி ஆய்வகத்தில் இருக்கட்டும். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, பராமரிப்புக்காக வீட்டை மூடி வைக்கும் காலமும் உண்டு. முந்தின நாள் மாலை அறிவிப்பைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உங்கள் பயண நிரலில் ஆய்வகத்துக்குப் போட்டிருப்பது நாற்பது நிமிடம். 1887இல் கட்டிய முதன்மைக் கட்டடமே 250 அடி நீளம், மூன்று தளம். கீழ்த்தளத்தில் கனரகப் பட்டறை. கூரையடியில் ஷாஃப்ட் என்ற நீளமான சுழலும் தண்டு ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு லேத்துக்கும் (கடைசல் பொறி) துளைப்பொறிக்கும் தோல் பெல்ட் இறங்குகிறது. ஒரு லேத்தை மட்டும் நிறுத்த ஷாஃப்டை நிறுத்த வேண்டியதில்லை. பெல்ட்டை லேத்தை ஓட்டும் புல்லியிலிருந்து பக்கத்திலுள்ள சும்மா சுழலும் புல்லிக்குத் தள்ளினால் போதும். பெல்ட் தளர்ந்தால் நழுவும், வெட்டு ஆழமானால் லேத் திணறும். கோவையிலோ அம்பத்தூரிலோ முப்பது வருஷம் லேத்தில் நின்ற ஒரு பெரியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அந்தப் புல்லிகளைப் பார்த்ததும் அவர் கை தானாக உயரும், பெல்ட்டைத் தள்ளிக் காட்டும். அந்த முழுப் பயணத்திலும் அவர் தன் பிள்ளைக்குச் சொல்லித்தரக்கூடிய ஒரே இடம் அது. அங்கே நின்று வாயைத் திறக்கும் நேரத்தில்தான் உங்கள் ஆள் கைதட்டிக் கூப்பிடுகிறார், "டைம் ஆச்சு, வாங்க வாங்க" என்று. எங்களால் பொறுக்க முடியாதது இதுதான்.

மேல்தளத்தில் இசைப்பதிவு அறை. மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. கூம்புக்கு முன்னால் நின்று உரக்கப் பாடினால் அந்த அதிர்வில் ஊசி மெழுகு உருளையைக் கீறிக்கொண்டே போகும். அந்தக் கால உருளைக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். சரியாக வராவிட்டால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். பேரப் பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டுமானால் யாராவது நின்று சொல்ல வேண்டாமா?

சொல்வதையும் சரியாகச் சொல்லுங்கள். பல்பு பிறந்தது வெஸ்ட் ஆரஞ்சில் அல்ல. ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் ஃபோனோகிராஃப் 1877, பல்பு 1879. இரண்டும் மென்லோ பார்க்கில், இன்றைய எடிசன் நகரில் வந்தவை. அங்கிருப்பது உச்சியில் பெரிய பல்பு வைத்த நினைவுக் கோபுரமும் சிறிய அருங்காட்சியகமும். அந்தக் கோபுரத்தின் முன்னால் படம் எடுக்கவைத்து "இதுதான் எடிசன் லேப்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்தப் பழைய ஆய்வகத்தை ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் மறுபடி எழுப்பி 1929இல் திறந்தார். வெஸ்ட் ஆரஞ்சின் பெருமை வேறு: மேம்படுத்திய ஃபோனோகிராஃப், சினிமா கேமரா, நிக்கல்-இரும்பு பேட்டரி. வெளியே நிற்கும் கறுப்புக் கொட்டகை, 1893இல் எழுந்த படப்பிடிப்புக் கூடத்தின் நகல். வெளிச்சத்துக்காக அதன் கூரையைத் திறப்பார்கள், சூரியன் நகர நகரக் கொட்டகையையே திருப்புவார்கள். வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வகத்தின் எக்ஸ்ரே சோதனைகளில் கதிர் பட்டு கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் 1904இல் இறந்தார். கைகளைக்கூட வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.

அதே நிரலில் அவுட்லெட் கடைகளுக்கு மூன்றரை மணி நேரம். பெட்டியும் செருப்பும் இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம். எட்டாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்த பெரியவர்களில் பலர் மறுபடி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அவர்களைக் கடை வாசலில் உட்காரவைத்துவிட்டு, எடிசன் தூங்கிய கட்டில் இருக்கும் நூலகத்தை எட்டிப் பார்த்ததோடு இழுத்துவருவது நியாயமில்லை. முதலாளியாக இருந்தும் தொழிலாளிகளைப் போலவே அவரும் நேர அட்டை குத்தினார். அந்த மனிதரின் இடத்தை ஓட்டமாகக் காட்டுவது அவருக்கும் மரியாதை இல்லை, பார்க்க வந்தவர்களுக்கும் இல்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம். உங்கள் சிரமமும் எங்களுக்குத் தெரியும். பஸ் வாடகை, டிரைவரின் நேரக் கணக்கு, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அடுத்த பயணத்தின் அறிவிப்பில் வெஸ்ட் ஆரஞ்சுக்கு நேராகக் காலை முதல் மதியம் வரை என்று அச்சிடுங்கள். வீட்டுக்கான முன்பதிவு கிடைத்ததா என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். கிளென்மான்டின் பின்புறம் எடிசனும் மனைவி மினாவும் அடக்கமாகியிருக்கும் இடத்தில் பெரியவர்கள் அவசரமில்லாமல் ஒரு பத்து நிமிடம் நிற்கட்டும். தயவுசெய்து.

அன்புடன்,
ஊரிலிருந்து வரும் பெற்றோரை இந்தப் பயணங்களுக்கு அனுப்பும் பிள்ளைகள்