ஊசி போட்டதும் வில்லனா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூப்பர் ஹீரோ, பேய், விஞ்ஞானக் கதைகளில் பிறவிக்குணம் பெரிதா, வளர்ப்பு பெரிதா என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று முடித்துவிட்டது. குடியாத்தம் தறிக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீளவாக்கில் ஓடும் பாவு அதேதான், குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் இறங்குகிற லுங்கியே வேறு.

ஒரு விஞ்ஞானி செயற்கையாக ஓர் உயிரை உண்டாக்கும் பிராங்கன்ஸ்டைனைப் பிறவிக்குணக் கதை என்கிறார் கட்டுரையாளர். அது 1931-இல் வந்த படம் செய்த வேலை. அதில் உதவியாள் நல்ல மூளை இருந்த ஜாடியைத் தவறவிட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளையைத் தூக்கிக்கொண்டு வருவான். பழி மொத்தமும் ஜாடி மேல் போய்விடுகிறது. மேரி ஷெல்லியின் 1818 நாவலில் அப்படி ஒரு ஜாடியே கிடையாது. அந்த உயிர் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்கிறது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் இரவில் விறகு சேர்த்து வைக்கிறது. கண் தெரியாத பெரியவர் அதனிடம் பரிவாகப் பேசுகிறார். கண் தெரிந்த மகன் உள்ளே வந்ததும் தடியால் அடிக்கிறான். முதல் கொலை அதற்கப்புறம்தான்.

கதையில் இந்தக் கேள்வியைச் சோதிக்க வேண்டுமானால் பிறப்பு, வளர்ப்பு இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். 1938-இல் அறிமுகமான சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்திலிருந்து குழந்தையாக வந்து, அமெரிக்காவின் கான்சாஸ் பண்ணை வீட்டில் வளர்ந்தவன். 2003-இல் வந்த ஒரு காமிக்ஸில் அதே குழந்தை சோவியத் மண்ணில் இறங்குகிறது. பலத்தில் குறைவில்லை, அரசியல் மட்டும் வேறு. நம்மூரில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். இரட்டையரில் ஒருவனுக்கு வேறு வீடு, பசி, அடி, போதாததற்கு மரபணுவை மாற்றும் ஒரு ஊசி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு கிளைமாக்ஸில் "ரத்தம் பேசுது" என்பார்கள். எது பேசியது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஊசி விஷயத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை உடம்பிலிருந்து பிரித்தெடுத்து, மாற்றியமைத்த வைரஸ் மூலம் சரியான மரபணுவை அவற்றில் ஏற்றி, எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலி செய்து, பிறகு அந்தச் செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைத்தது ரத்தம் உறையத் தேவையான ஒரே ஒரு புரதம், காரணி 8. மரபணு செய்து தருவது புரதத்தைத்தான். கோபத்துக்கோ குங்ஃபூவுக்கோ தனியாக ஒரு மரபணு கிடையாது. தாத்தா கற்ற வித்தை பேரனின் செல்லில் எழுதப்பட்டிருக்காது. பீனைல்கீட்டோனூரியா என்றொரு பிறவிக் கோளாறு உண்டு. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெடும். பிறந்த சில நாட்களிலேயே கண்டுபிடித்து, பீனைல் அலனின் என்ற புரதக் கூறு குறைந்த உணவுக்கு மாற்றினால் குழந்தை நன்றாக வளரும். இதில் மரபணு எத்தனை சதவீதம், சாப்பாடு எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

வடாற்காட்டுக் கூத்து மேடையில் விடிய விடிய நடக்கும் கர்ண மோட்சத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கவசமும் குண்டலமும் பிறவியில் வந்தவை. இந்திரன் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். குந்தி வந்து "நீ என் மகன்" என்று பிறப்பைச் சொல்கிறாள். இன்றைய படமாக இருந்தால் அந்த இடத்தில் இடைவேளை விட்டு, அடுத்த ரீலில் அவனைத் தம்பிகள் பக்கம் நிறுத்தியிருப்பார்கள். கர்ணனோ வரம் கொடுத்து அனுப்புகிறானே தவிர, சோறு போட்டவனை விட்டு நகர்வதில்லை.

கட்டுரையாளரின் கருத்து அவருடையது, இருக்கட்டும். 1931 படத்தையும் 1818 நாவலையும் ஒன்றாகக் குழப்பிய பத்திக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காட்பாடி